முத்துச்செல்வியை விடுதியில் சேர்க்க வேண்டாம் என்பது பற்றி

ஏரல்,
வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள அத்தான் செந்தூர்வேல் அவர்களுக்கு,

ஏரல் பாத்திரக்கடை நயினார் கும்பிட்டு எழுதுவது. இங்கு நானும் செல்வராணியும் சுகம். தங்கள் மகள் முத்துச்செல்வி எங்களைவிட சுகம். கடை சுமாரான சுகம். அங்கு தாங்களும் சீனித்தாய் அக்காவும் சுகமாக இருக்கவும், துறைமுகத்தில் தங்கள் கம்பெனி காத்திருக்கும் கப்பல்கள் எல்லாம் சொன்ன தேதியில் வந்து சேரவும் எங்கள் ஊர்க் கோயிலில் இருக்கும் சேர்மன் சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

கையில் போன் இருக்க இவன் எதற்குக் காகிதத்தைக் கெடுக்கிறான் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "சரி மாப்ள, வேற லைன் வருது" என்று வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பினால் கேட்காமலேயே கட்டைவிரலைக் காட்டுகிறீர்கள். கடிதம் என்றால் தபால்காரர் கையில் கொடுத்த மரியாதைக்காவது பிரித்துப் படிப்பீர்கள். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் முத்துச்செல்வியைப் பாளையங்கோட்டை விடுதியில் சேர்க்க வேண்டாம். அவள் இங்கேயே எங்களோடு இருந்து ஒன்பதாம் வகுப்புப் படிக்கட்டும். ஏன் என்று விளக்குவதற்குத்தான் மீதிப் பக்கங்கள்.

ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்த கையோடு அவளைப் பெட்டியும் கையுமாக என் கடை வாசலில் இறக்கிவிட்டு, தாங்கள் என்ன சொன்னீர்கள்? "மாப்ள, இவ போனை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேங்கா. புஸ்தகத்தைக் கண்டா ஓடுதா. லீவு முடியுத மட்டும் ஒம்ம கடையில வேலை குடும். போனை மட்டும் கண்ணுல காட்டாதீரும். ஜூன்ல ஆஸ்டல்ல போட்டுருவோம், அங்க போனா தன்னால சரியாயிருவா" என்றீர்கள். தங்கள் கார் பாலம் தாண்டியதுமே அவள் கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிட்டாள். "மாமா, ஆஸ்டல் மட்டும் வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க" என்று ஒரே அழுகை. சாப்பாடு பிடிக்காதா? இல்லையாம். அம்மாவை விட்டு இருக்க முடியாதா? அதுவும் இல்லையாம். பிறகு என்னதான் என்றால் மூக்கை உறிஞ்சுகிறாள். பிள்ளை அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் "சரி, நான் பேசுதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வாக்குதான் இந்தக் கடிதம்.

முதலில் போன் கதை. பூட்டிவைக்கச் சொல்லித் தாங்கள் கொடுத்த அவளுடைய போனை வீட்டு பீரோவில் வைத்தால் செல்வராணி மனம் இளகி எடுத்துக் கொடுத்துவிடுவாள். கல்லாவில் வைத்தால் கல்லாப் பக்கம்தான் முத்துச்செல்வியே உட்காருகிறாள். ஆகவே கடையின் மேல்தட்டில், வருஷக்கணக்காக யாரும் விலைகூடக் கேட்காத பெரிய குக்கர் ஒன்று இருந்ததே, அதற்குள் போட்டு மூடிவைத்தேன். வருஷக்கணக்காக விற்காத குக்கர் மறுநாள் விற்றுவிட்டது. நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கடையைப் பார்த்துக்கொண்ட செல்வராணி, ஆறுமுகநேரியிலிருந்து கல்யாணச் சீர் வாங்க வந்தவர்கள் தலையில் அதைக் கட்டிவிட்டாள். "ஒங்களால முடியாதத நான் முடிச்சிட்டேன் பாத்தீங்களா" என்று பெருமை வேறு. நான் பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன். அங்கே கல்யாணக் கூட்டம் முழுவதும் குக்கரை நடுவில் வைத்துவிட்டு வட்டமாக விலகி நிற்கிறது. உள்ளேயிருந்து தாங்கள் மகளுக்கு ரிங்டோனாக வைத்துக் கொடுத்த பக்திப் பாட்டு ஒலிக்கிறது. மணப்பெண்ணின் பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எண்ணே, கல்யாணத்துக்கு முன்னால சாமி நம்ம குக்கருக்குள்ள வந்துட்டு" என்று அழுகிறார். நான் மூடியைத் திறந்து சாமியை எடுத்துப் பார்த்தால், திரையில் "அப்பா" என்று இருக்கிறது. தாங்களே பூட்டச் சொன்ன போனுக்குத் தாங்களே ஏன் கூப்பிட்டீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பூட்டித்தான் இருக்கிறதா என்று சோதித்ததாக அக்கா பிறகு சொன்னாள். எப்படியோ, சாமி போய்விட்ட குக்கர் எங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது மறுபடியும் மேல்தட்டில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் செல்வராணிதான் யோசனை சொன்னாள். "போனை ஒளிச்சு வச்சு ஒளிச்சு வச்சு நீங்க கடையைக் கவுத்திருவீங்க. அவளைக் கொண்டு லைப்ரரியில விடுங்க. அங்கன போன் நோண்ட விடமாட்டாங்க. பேசவும் விடமாட்டாங்க." எனக்கும் அது சரியென்று பட்டது. நூலகம் என்றால் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும், யாராவது இருமினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பிள்ளைக்குப் பயம் வரும், பயத்தில் படிப்பு வரும் என்று நம்பி மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போனால் நண்டும் சிண்டுமாகப் பிள்ளைகள் தரையில் கிடந்து சிரித்துக்கொண்டிருக்கின்றன. சத்தத்தில் சந்தைக்கடை தோற்றது. இவர்களை அதட்ட வேண்டிய நூலகர் அந்தக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து அவர்களுக்கு மேலே சிரித்துக்கொண்டிருக்கிறார். பெயர் ஈவாஞ்சலின். பெரியதாழைக்காரர், தினமும் அங்கிருந்துதான் பஸ்ஸில் வந்து போகிறார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துவிட்டு மேஜை மேல் தேடுகிற ரகம். எனக்கு அப்போதே நம்பிக்கை போய்விட்டது.

இருந்தாலும் வந்த காரியத்தைச் சொன்னேன். "டீச்சர், நம்ம அக்கா பிள்ள. நல்ல கெட்டியான புஸ்தகமா ஒண்ணு எடுத்துப் போடுங்க. லீவு முடியுத வரைக்கும் தாங்கணும்" என்று சொல்லி, நானே அலமாரியில் கனமாக இருந்த ஒன்றை உருவி, அட்டையைத் தட்டிப் பார்த்துக் கொடுத்தேன். பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து விற்கிற கை பழக்கத்தை விடுமா? அவர் அதை வாங்கித் திரும்ப இருந்த இடத்திலேயே சொருகிவிட்டு, "நான் டீச்சர் இல்ல அண்ணாச்சி" என்றார். பிறகு முத்துச்செல்வி பக்கம் திரும்பினார். எந்த வகுப்பு, எத்தனை மார்க்கு, ஒன்றும் கேட்கவில்லை. "போன்ல என்னம்மா பாப்ப?" என்று கேட்டார். இவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "கேக் செய்யுத வீடியோ" என்றாள். "செஞ்சு பாத்திருக்கியா?" "இல்ல." "எனக்கும் பாக்கத்தான் பிடிக்கும், செய்ய வராது" என்று அவர் சொன்னதும் இவள் சிரித்துவிட்டாள். நல்லது, இப்போதாவது புத்தகம் கொடுப்பார் என்று பார்த்தால், "அந்தா அந்தத் தட்டுல சின்னப் பிள்ளைங்க புஸ்தகம் எல்லாம் கலைஞ்சு கிடக்கு. அட்டைப் படத்தப் பாத்து, மிருகக் கதை ஒரு பக்கம், மனுஷக் கதை ஒரு பக்கம்னு பிரிச்சுத் தாரியா?" என்கிறார். வாசிக்க அனுப்பினால் அடுக்க விடுகிறார்! அடுக்குவதற்கு என் கடையில் பாத்திரம் இல்லையா? ஆனாலும் முத்துச்செல்வி முகத்தில் அழுகை இல்லை என்பதால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவள் முதல்முதலாக ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆவலாக வாங்கிப் பார்த்தேன். மொத்தமே பத்துப் பன்னிரண்டு பக்கம். பக்கம் முழுக்க நண்டு. அடியில் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வரி. வளையைத் தொலைத்த நண்டு ஒவ்வொரு வீடாகத் தட்டி "இது என் வீடா?" என்று கேட்கிறது, "இல்லை, இல்லை" என்று பதில் வருகிறது. அவ்வளவுதான் கதை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நண்டுப் படமா என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. கடையை அப்படியே போட்டுவிட்டு நூலகத்துக்குப் போய், "நீங்க என் மருமகள என்னன்னு நினைச்சிட்டீங்க?" என்று கேட்டேன். ஈவாஞ்சலின் கொஞ்சமும் பதறவில்லை. "அது அவளுக்கு இல்ல அண்ணாச்சி. சனிக்கிழமை சின்னப் பிள்ளைங்களுக்குக் கதை நேரம். இந்தத் தடவ முத்துச்செல்விதான் வாசிக்கப் போறா. ஒத்திகை பாக்கணும்லா?" என்றார். அப்படியானால் சரி. எங்கள் பிள்ளையைப் பெரிய பொறுப்பில் வைத்திருக்கிறார்கள் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு திரும்பினேன். வழியில் இரண்டு பேரிடம் சொல்லவும் சொன்னேன்.

அந்த ஒத்திகையால் நான் பட்ட பாட்டை எழுத இந்தக் காகிதம் பத்தாது. ஒத்திகை நடப்பது என் கடையில். நண்டு கதவைத் தட்டும் இடம் வரும்போதெல்லாம் தாம்பாளத்தில் தட்டுகிறாள். மீன் வீட்டுக்குச் சின்னத் தாம்பாளம், ஆமை வீட்டுக்குப் பெரிய தாம்பாளம். எதிரே பள்ளிக்கூடப் பை விற்கும் நூஹு பாயின் மகள் மர்வா, இன்னும் பள்ளிக்கூடம் போகாத சின்னது, சத்தம் கேட்டு ஓடிவந்து, தான்தான் நண்டு என்று முடிவுசெய்து, விற்பனைக்கு வாசலில் வைத்திருந்த அண்டாவுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு சமையல்காரர் வந்து அந்த அண்டாவைத்தான் பிடித்திருக்கிறது என்று விலைபேசி முடித்தார். நான் குனிந்து, "எந்திரிம்மா" என்றால், "எனக்கு வீடு இன்னும் கிடைக்கல" என்கிறது. நூஹு பாய் வந்து கூப்பிட்டார். வரவில்லை. மிட்டாய் காட்டினோம். மிட்டாயை வாங்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே உட்கார்ந்துவிட்டது. கடைசியில் முத்துச்செல்வி முதல் பக்கத்திலிருந்து கதை முழுவதையும் நிறுத்தி நிறுத்தி வாசிக்க (நாடகம் மாதிரிச் செய்கிறாள் என்று நான் நினைத்தேன்), நண்டுக்கு வீடு கிடைக்கும்வரை சமையல்காரரும் அவருடைய ஆட்டோக்காரரும் கைகட்டி நின்று கேட்டார்கள். வீடு கிடைத்த பிறகுதான் அண்டா எனக்குக் கிடைத்தது. ஆட்டோக்காரர் போகும்போது, "அந்த ஆமை நல்ல ஆமையா கெட்ட ஆமையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இது மட்டுமா? கடையில் பெயர் வெட்டும் வேலை இருக்கிறது. கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்குகிறவர்கள் துண்டுச் சீட்டில் பெயரை எழுதித் தருவார்கள். மிஷினில் அதைப் பாத்திரத்தில் பொறித்துக் கொடுப்போம். கண்ணும் கையும் கூர்மையான பிள்ளை ஆயிற்றே என்று வந்த நாளிலேயே அவளை அதில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றாள். மிஷின் கையைக் கூசச் செய்கிறதாம். இன்னொரு நாள் தலைவலியாம். இன்னொரு நாள் சீட்டையே தொலைத்துவிட்டாள். வேலைக்குச் சோம்பல், அப்பாவின் குணம் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். மன்னிக்கவும்.

இந்த நிலையில்தான் போணி விவகாரம் நடந்தது. ஒரு நாள் காலையில் முத்துச்செல்வியை விடப் போயிருந்தபோது ஈவாஞ்சலின், "அண்ணாச்சி, ஒரு கையெழுத்துக்காகப் பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வாரேன், கொஞ்சம் நாற்காலியில இருங்க" என்று சொல்லிப் போனார். நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கடைப் புத்தி வந்துவிட்டது. மேஜையைத் துடைத்து, ஊதுபத்தி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கும்போது முதல் ஆளாக உள்ளே வந்தவர் கரண்ட் மீட்டர் பார்க்கிற கிளாட்வின். மீட்டரைப் பார்த்தார், குறித்தார், கிளம்பினார். எனக்குத் திக்கென்றது. காலையில் முதலில் வந்தவர் வெறுங்கையோடு படியிறங்கினால் அன்றைக்கு யாவாரம் விளங்குமா? ஓடிப்போய் வழிமறித்து, "போணி நேரம் அண்ணாச்சி, சும்மா போகக் கூடாது. ஏதாவது ஒண்ணு எடுத்துக்கிடுங்க" என்றேன். "எனக்கு எதுக்குய்யா புஸ்தகம்? நான் மெம்பரே கிடையாது" என்றார். "என் கணக்குல எழுதிக்கிடுதேன். பிடிக்கலன்னா மாத்தித் தாரோம்" என்று, கைக்கு அகப்பட்ட ஆடு வளர்ப்புப் புத்தகத்தை அவர் பைக்குள் திணித்து அனுப்பிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு வந்த ஒருவரையும் நான் சும்மா விடவில்லை. பேப்பர் மட்டும் பார்க்க வந்த பெரியவருக்குக் கோலப் புத்தகம். கிளாட்வின் இப்போது நிஜமாகவே ஆடு வாங்கிவிட்டதாகக் கேள்வி.

ஈவாஞ்சலின் திரும்பி வந்து, நடந்ததைக் கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, முத்துச்செல்வி பின்கட்டில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, நீங்க செஞ்சதும் ஒரு வகையில சரிதான். ஆனா எல்லார் கையிலயும் அப்படித் திணிக்க முடியாது. புஸ்தகத்தக் கையில குடுத்தா பயப்படுத பிள்ளைங்க இருக்கு. உங்க மருமக அப்படித்தான்" என்றார். எனக்குப் புரியவில்லை. "அவளுக்கு எழுத்து எல்லாம் தெரியும். ஆனா கூட்டிக் கூட்டித்தான் வாசிக்கா. ஒரு வரி முடியுததுக்குள்ள வேர்த்துருது. முத நாளு நீங்க அந்தத் தடிப் புஸ்தகத்த நீட்டுனீங்கல்லா, அப்ப அவ முகத்தப் பாத்தேன். அதான் படத்த வச்சு அடுக்கச் சொன்னேன். பெரிய பிள்ளைகிட்டச் சின்னப் பிள்ளை புஸ்தகத்தக் குடுத்தா அவமானமா நினைக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு வாசிக்கணும்னு குடுத்தா அது பொறுப்பு. சின்னதுங்க ஒரே கதைய எத்தன தடவ வேணா கேக்கும், அதுங்களுக்குச் சலிக்காது. இவளுக்கு வேண்டியதும் அதான்." இப்படிச் சொல்லிவிட்டு, "இத அவகிட்ட காட்டிக்கிடாதீங்க" என்றார்.

அந்த நாற்காலியிலேயே மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததே, அது அவள் எழுத்துக்கூட்டிப் பழக வேண்டிய காலம். அப்போது நாம் கையில் போனைக் கொடுத்து, பாடம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். பிறகு பள்ளிக்கூடம் திறந்தபோது வகுப்பு ஓடிவிட்டது, இவள் பின்னால் நின்றுவிட்டாள். ஒருநாள் வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னபோது திக்கியிருக்கிறாள். எல்லாம் சிரித்திருக்கின்றன. இதை அவள் ஈவாஞ்சலினிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து புத்தகத்தைக் கண்டால் ஓட்டம். நாம் அதைத் திமிர் என்று சொன்னோம், போன் பைத்தியம் என்று சொன்னோம். பெயர் வெட்டும் மிஷின் கூசியதும், சீட்டு தொலைந்ததும் எனக்கு அப்போதுதான் விளங்கின. விடுதிப் பயமும் விளங்கியது. அங்கே தினமும் சாயங்காலம் பிரார்த்தனை முடிந்ததும் முறை வைத்து ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி பேப்பர் வாசிக்க வேண்டுமாம். அங்கே படித்த அவள் சிநேகிதி ஒருத்தி சொன்னாளாம், அதுவும் ஈவாஞ்சலின் வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு மண்டபம் நிறையப் பிள்ளைகள் முன்னால் தன் முறை வரும் என்று இந்தப் பிள்ளை இத்தனை நாளும் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறது. பெற்றவர்களிடமும் சொல்லவில்லை, கூடவே இருக்கிற மாமனிடமும் சொல்லவில்லை. இதைக் கண்டுபிடிக்க மார்க்கு கேட்காத ஒரு நூலகர் வேண்டியிருந்தது.

சனிக்கிழமை நான் பேப்பர் படிக்கிறவன் மாதிரிப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். பேப்பர் தலைகீழாக இருந்ததாக அந்தக் கோலப் புத்தகப் பெரியவர் பிறகு சொன்னார். முத்துச்செல்வி நண்டுப் புத்தகத்தை விரித்தாள். இரண்டு பக்கம் போனது. மூன்றாவதில் "பாறையிடுக்கில்" என்ற சொல்லில் நின்றுவிட்டாள். பா, றை, பாறை, மறுபடியும் பா. யாராவது சிரித்தால் எழுந்து நூலகத்தையே இரண்டாக்கிவிடுவது என்று தயாராக இருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சின்னதுகளுக்கு அது தடுமாற்றம் என்றே தெரியவில்லை. கதையில் அப்படித்தான் இருக்கிறது என்று நினைத்து, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து "பா, றை, பாறை" என்று கத்தின. மர்வா எழுந்து நின்று, "அக்கா, அதைத் திரும்பச் சொல்லுங்க!" என்றது. அக்கா திரும்பச் சொன்னாள். இரண்டாம் தடவை அந்தச் சொல் முழுசாக வந்தது. கதை முடிந்ததும் முதலிலிருந்து வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்றார்கள். ஈவாஞ்சலின் தன் மேஜையில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார், தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் அவர் பேனாவின் மூடியைக்கூடக் கழற்றவில்லை என்பதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய புத்தகம் வருகிறது. படம் குறைகிறது, எழுத்து கூடுகிறது. இவளுக்குத் தெரியாமல் அவர் அப்படி ஏற்றிக்கொண்டே போகிறார். கேக் செய்முறைப் புத்தகம் ஒன்று வந்தது. அதைப் பார்த்துச் செல்வராணியும் இவளும் சேர்ந்து செய்த பொருளை நான் சாப்பிட்டேன். அதைப் பற்றி வேறொரு கடிதத்தில்தான் எழுத முடியும். இப்போது கப்பல் கவிழ்ந்து தீவில் ஒதுங்கியவர்கள் கதை ஒன்றைக் கல்லாவில் வைத்துப் படிக்கிறாள். நேற்று ஒரு அம்மா குத்துவிளக்கு என்ன விலை என்று கேட்டதற்கு, "கொஞ்சம் இருங்க, தண்ணி தீந்து போச்சு, யாரு சாவாங்கன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாளாம். அந்த அம்மா மிரண்டுபோய் விளக்கு வாங்காமலே போய்விட்டார். யாவாரம் போனாலும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன் அத்தான், இந்தக் கடையில் இவ்வளவு சந்தோஷமாக நான் நஷ்டப்பட்டது கிடையாது.

ஆகவே தங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது, பிள்ளை இப்போதுதான் கரையில் கால் வைத்திருக்கிறாள். இந்த நேரத்தில் அவளைப் பிடுங்கிக்கொண்டுபோய் அந்த மண்டபத்தில் நிறுத்திப் பேப்பரைக் கையில் கொடுத்தால் மறுபடியும் ஓடிப்போய்விடுவாள். பாளையங்கோட்டை எங்கும் போய்விடாது. இங்கேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம். எங்களுக்குப் பிள்ளை இல்லாத வீடு என்பது தாங்கள் அறியாதது அல்ல. இவள் வந்த பிறகு செல்வராணி இரண்டு பேர் சாப்பாட்டை ஐந்து பேருக்குச் சமைக்கிறாள். இதை நான் காரணமாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். இன்னொன்று: வாசிப்பு விஷயம் தங்களுக்குத் தெரியும் என்று அவளிடம் மூச்சு விடக் கூடாது. அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவள் அழுதால் நான் அழவில்லை என்று சொல்லிச் சமாதானப்படுத்துங்கள்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. தங்கள் கால்வலிக்குச் செல்வராணி கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கவும், குடிக்க வேண்டாம். ஆண்டவன் அருளால் தங்கள் வீட்டில் எல்லா நலமும் பெருகட்டும்.

இப்படிக்குத் தங்கள் சொல்லைத் தட்டாத,
(இந்த ஒரு தடவை தவிர)
நயினார்.

பின்குறிப்பு: அத்தான், மேலே எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன். கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் டீ குடிக்கப் போனேன். இத்தனை பக்கம் நெருக்கி எழுதிய காகிதத்தை முத்துச்செல்வி ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள் என்ற தைரியத்தில் மேஜையிலேயே விரித்துப் போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள். என் கையெழுத்து அத்தான்! அக்காவே பாதியை ஊகித்துத்தான் படிப்பாள். "முழுசும் வாசிச்சிட்டியா?" என்றேன். "ஆமா. அழலன்னு பொய் எழுதியிருக்கீங்க" என்றாள். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் காகிதத்தை அடுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஆஸ்டலுக்கு நான் போறேன் மாமா" என்றாள். என்னளா சொல்லுத, இவ்வளவு எழுதிட்டனே என்றேன். நீ போக வேண்டாம், இங்கன இரு என்றும் சொல்லிப் பார்த்தேன். லீவுக்கெல்லாம் இங்கேதான் வருவாளாம். செல்வராணி அடுப்படியில் இருக்கிறாள், அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஆகவே சேர்த்துவிடுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் விடுதியில் விசாரித்துச் சொல்ல வேண்டுமாம். பேப்பர் வாசிக்கிற முறை அவளுக்கு எந்தக் கிழமை வரும் என்று கேட்டாள்.